ஐஸ் மீன் கடையின் சத்தம்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. வளரும் நாடுகள் மின்சாரத்துக்கு எண்ணெயையும் நிலக்கரியையும் எரிவாயுவையும் எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். நைஜீரியாவில், இபாதான் நகரத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா என்பது அவர் எண்ணம். “கடைசியில் சூரியசக்தி, நம்பிக்கை என்று முடித்துவிடுங்கள்” என்றும் சொன்னார். முடிவை முதலிலேயே கையில் கொடுக்கிற ஆசாமிகளைக் கண்டால் எனக்கு ஆகாது.

எழுதிய முதல் வரி இது:

நைஜீரியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்து வருகிறது. அதுவும் போதாமல் மக்கள்

இந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. [பொய். கரண்ட் காலையிலிருந்தே இல்லை. கீழே ஓடிய ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கு யோசனை ஓடவில்லை. கரண்ட் போனது என்றால் எடுப்பாக இருக்கிறதே என்று எழுதினேன்.] அந்தச் சனியனை நிறுத்தச் சொல்லலாம் என்று கீழே இறங்கினேன்.

2

கீழே மொரெனிகேயின் அம்மா ஐஸ் மீன் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஜெனரேட்டர் புகையிலேயே காலம் தள்ளி நெஞ்சு கெட்டுவிட்டது. இனிப் புகைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதால், மகள் மொரெனிகே கூரையில் சூரியத் தகடும் உள்ளே பேட்டரியும் வைத்துக் கொடுத்தாள். ஃப்ரீசர்கள் இப்போது அதில்தான் ஓடுகின்றன.

“அப்புறம் எதுக்கு மொரெனிகேம்மா இந்த ஜெனரேட்டர்?”

“சத்தத்துக்கு.”

“விளையாடாதீங்க.”

“நீயே வந்து பாரு.”

கொல்லையில் ஜெனரேட்டர் குதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வயர்கூட எங்கும் போகவில்லை. பெட்ரோலைக் குடித்துச் சும்மா கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் ஐஸ் மீன் வாங்குகிறவர்கள் முதலில் காதைத்தான் தீட்டுவார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் சத்தம் கேட்டால் மீன் நல்ல மீன். தகடு வைத்த புதிதில் கடை அமைதியாக இருந்தது. ஈ, காக்கைகூட வரவில்லை.

3

அலாஜா சிதிகத் என்கிறவரைக் கதையில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் திண்டாடினேன். ஹஜ் போய்வந்ததால் அலாஜா; தெருமுனையில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். மீன் கடைக்கு அவர்தான் பெரிய வாடிக்கை. முதலில் “விவரம் தெரியாத அலாஜா” என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால் அந்த அமைதியான நாட்களில் அவர் வந்து ஃப்ரீசரைத் திறந்து மீனைத் தட்டியே பார்த்திருக்கிறார்.

“இன்னிக்குக் கல்லு மாதிரிதான் இருக்கு. நேத்து?”

“நேத்தும் அப்படித்தான் அலாஜா.”

“உருகினதைத் திரும்ப உறைய வெச்சாலும் கல்லு மாதிரிதாண்டி இருக்கும். ராத்திரி பூரா ஒரு சத்தமும் காதுல விழலையே. என் கடையில சாப்பிட்டவன் வயித்தப் புடிச்சுக்கிட்டு விழுந்தா நீயா வந்து தூக்குவே?”

[கூரையில் தகடு தெரிகிறதே என்பீர்கள். எங்கள் தெருவில் பாதிக் கூரைகளில் தகடு உண்டு. பேட்டரி செத்து அழகுக்குக் கிடக்கிறது. அலாஜா வீட்டிலும் ஒன்று கிடக்கிறது.]

நான் மொரெனிகேயின் அம்மாவிடம் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன்.

“சத்தத்தைப் போன்ல பதிஞ்சு ஸ்பீக்கர்ல போடலாமே?”

“போட்டுப் பாத்தாச்சு. அலாஜா மூக்கை உறிஞ்சிட்டு, புகை எங்கடின்னு கேட்டாங்க.”

4

பிறகு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. தெருவில் ஒவ்வொரு ஜெனரேட்டராக அடங்கியது. எல்லாக் கடையிலும் மீன் உருகிக்கொண்டிருக்க, மொரெனிகேயின் அம்மா கடையில் மட்டும் கல்லாக இருந்தது. பத்திரிகைக்காரருக்குப் பிடித்த முடிவு இங்கே தானாக வந்து உட்கார்ந்தது:

அன்று தெருவே அவர் கடை வாசலில் திரண்டு

திரளவில்லை. பெட்ரோல் இல்லையென்றால் ஐஸ் மீனும் இல்லை என்பது தெருவின் கணக்கு. எல்லாரும் கருவாட்டுக்குப் போய்விட்டார்கள். அலாஜா ஒரு சாவு விருந்துக்குச் சமையல் ஒப்புக்கொண்டு மீனுக்கு ஊரெல்லாம் அலைந்தார். பக்கத்தில் இருந்த இந்தக் கடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கேனின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. மொரெனிகேயின் அம்மா அதை ஊற்றிவிட்டு ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்தார்.

“அம்மா, அதை இழுத்தீங்கன்னா நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்றாள் மொரெனிகே. “செத்துப் போறதுக்கா இவ்வளவு பாடுபட்டு மாட்டிக் குடுத்தேன்?”

“ஒருத்தியும் வரலையே. வேற கடைக்குப் பழகிட்டாங்கன்னா அப்புறம் உன் தகட்டையா வறுத்துத் திங்கறது?”

இழுத்துவிட்டார். செத்த தெருவில் அது ஒன்றுதான் சத்தம். சற்று நேரத்தில் கூடையும் கையுமாக அலாஜா ஓடிவந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம்.

“இதுதான் கடை! இதுதான் பொம்பளை!” என்று அலாஜா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “இந்தப் பஞ்சத்துலயும் பெட்ரோல் ஊத்தி மீனைக் காப்பாத்தியிருக்கா பாருங்க! மொரெனிகேம்மா, இனிமே செத்தாலும் உன் கடைதான். இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திடாதே.”

மொரெனிகேயின் அம்மா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று எழுதலாம் என்று பார்த்தேன், அழுகைதான்.

5

இனி என்ன எழுதுவது? மொரெனிகேயின் அம்மா அலாஜாவைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் உண்மையைக் காட்டினால் இந்தப் புகையிலிருந்து இன்றோடு தப்பிக்கலாம். அல்லது, “இத்தனை நாளும் எங்களை ஏமாத்தினியாடி?” என்று அலாஜா அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டால், கடை இன்றோடு போச்சு. வாயே திறக்காவிட்டால் கடை நிற்கும். அவர் நிற்பாரா என்பது சந்தேகம்.

“அலாஜா, கொஞ்சம் உள்ள வாங்க, ஒண்ணு காட்ட

எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன்.

அவர் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. அது சுலபமான கேள்வி. நோகாமல் நியாயம் பேசலாம். நீங்கள் அலாஜாவாக இருங்கள். கூடையில் இருக்கும் மீன் நல்ல மீன். வீட்டில் அடுப்பு எரிகிறது, சாவு வீட்டார் காத்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் உங்களை ஏமாற்றியது வெறும் சத்தம் என்று இப்போது தெரிந்துவிட்டது. நாளை, எந்தச் சத்தமும் இல்லாத இந்தக் கடைக்கு மீன் வாங்க வருவீர்களா?

உண்மையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் மொரெனிகேயின் அம்மா வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நான் எழுத முடியும்.