நாற்பது வீட்டுக்கு ஒரே பெயர்

தையல்காரர் கையிலிருந்த சட்டை நழுவிக் கீழே விழுந்தது. பண்ணையின் வண்டி கடை வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது?

மேனேஜர் இறங்கி, பரம சாதுவாகச் சிரித்தார். "திங்கக்கிழமை பத்து மணி, பத்திர ஆபீஸ். நிலத்தைப் பண்ணை பேருக்கு மாத்த ஒரே ஒரு கையெழுத்து. உங்கப்பா மாதிரி பிடிவாதம் பிடிக்காதீங்க. பிள்ளைகுட்டிக்காரர் நீங்க."

அப்பாவின் பிடிவாதம் லேசுப்பட்டதா? உழுகிறவனுக்கே நிலம் என்று நாற்பது குடும்பங்களைத் திரட்டிப் பண்ணையை எதிர்த்தவர் அவர். அரசாங்கம் பணிந்து நிலத்தைக் கொடுக்க வந்தபோது, யார் பெயரில் எழுதுவது என்று அதிகாரி கேட்டார். நாற்பது பேரும் தங்கள் தலைவரான அவர் பெயரையே சொன்னார்கள். அவர் எவ்வளவோ தடுத்தார். "உங்க பேருல இருந்தா எவன் தொடுவான்?" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அடுத்த மாதமே பண்ணை ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நிலம் முழுவதும் வாரிசு என்ற பெயரில் ஒரே மகனான தையல்காரர் தலையில் விழுந்தது.

"போட்டுத் தொலைங்க. நிலமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று மனைவி அழுதாள்.

அவர் வயலுக்குப் போனார். களை எடுத்துக்கொண்டிருந்த, அந்த நாற்பது குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெண்ணிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"நீ தலைவர் பெத்த பிள்ளை. எது செஞ்சாலும் எங்களுக்குச் சம்மதம் தம்பி" என்றாள் அவள்.

மேனேஜரின் சிரிப்பைவிட இந்த நம்பிக்கைதான் அவருக்குப் பயங்கரமாக இருந்தது.

"அக்கா, நான் பயந்தாங்கொள்ளி. கழுத்துல கத்திய வெச்சா கையெழுத்துப் போட்டுருவேன். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கே எல்லாரையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

திங்கட்கிழமை மேனேஜர் வந்தபோது, மேஜையில் நாற்பது பத்திரங்கள் இருந்தன. அவரவர் உழும் நிலம் அவரவர் பெயரில். கடைசிப் பத்திரத்திலும் தையல்காரர் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

மேனேஜர் குனிந்து காதோரம் கேட்டார். "உசுரு மேல ஆசை இல்லையா?"

"நிறைய இருக்கு சார். அதான் என் பேருல ஒரு சாண் நிலம்கூட வெச்சுக்கல. இனிமே என்னைக் கொன்னு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

மேனேஜர் வண்டியேறிப் போன பிறகுதான் தையல்காரருக்கு மூச்சு வந்தது. பத்திரங்களோடு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"எவ்வளவு நல்லவனா இருந்தாலும் உங்க உரிமைய இன்னொருத்தன் பேருல எழுதாதீங்க. ஒருத்தன சுட்டுடலாம், இல்ல மிரட்டிடலாம். நாப்பது வீட்டையும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்பா கேட்டதும் இதத்தான்."