பின்சுவரில் வரைந்த படிக்கட்டு

பழைய கட்டடங்களைப் பற்றி முடிவெடுக்கும் நகரக் குழுவின் கூட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தபோதுதான் நாத்தனார் அந்தப் படிக்கட்டைக் கவனித்தாள்.

பழைய அச்சகக் கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டுவதா, காப்பாற்றுவதா என்று அன்று முடிவாக வேண்டும். அங்கே அச்சுக் கோத்த பெண்களைப் பற்றி நாத்தனார் எட்டு மாதம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று தகவல் திரட்டியிருந்தாள். அவளுடைய அண்ணி ஓவியர். அச்சகம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று ஆறு பெரிய படங்கள் வரைந்திருந்தாள். ஆறாவதில், பின்சுவரை ஒட்டிய இரும்புப் படிக்கட்டில் பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணி, இந்தப் படிக்கட்டு எந்த வரைபடத்துல இருந்துச்சு?"

அண்ணி உண்மையைச் சொன்னாள். எதிலும் இல்லை. மாடியில் வேலை பார்த்தவர்கள் எப்படியாவது இறங்கித்தானே ஆக வேண்டும் என்று அவளாகப் போட்டது. சொல்ல நினைத்து, வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று. நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது. படங்களைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. யாராவது கேட்டால் மட்டும் சொல்லுவோம் என்றாள் நாத்தனார்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் வினை. குழுத் தலைவி ஆறாவது படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டார். பெண்களுக்கென்று தனிப் படிக்கட்டு கட்டிய கட்டடம் வேறெங்கே இருக்கிறது, இதற்காகவே முழுசாகக் காப்பாற்றலாம் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கை தூக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அண்ணி திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் மடியிலிருந்த ஆவணக் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அண்ணி எழுந்தாள்.

"அந்தப் படிக்கட்டுக்கு ஆதாரம் இல்லைங்க. நானா போட்டது."

இடிக்கக் கேட்டவர்களின் வக்கீல் பிடித்துக்கொண்டார். அப்படியானால் மொத்தமுமே கட்டுக்கதைதானே என்றார். அண்ணி சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் படத்திலிருந்து, தான் ஊகித்து வரைந்ததையெல்லாம் கோடிட ஆரம்பித்தாள். ஒரு விளக்கு, ஒரு திரை, கடைசியில் படிக்கட்டு.

மூன்றாவது படத்துக்கு வரும்போது பக்கத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. நாத்தனார்தான். கோடு விழாத ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவேடு, எந்தப் புகைப்படம் என்று கோப்பிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள். முடிய ஒரு மணி நேரம் பிடித்தது. கட்டுக்கதை என்ற வாதத்தை வக்கீல் கைவிட்டார்.

அச்சுக்கூடமும் முன்பகுதியும் நிற்கலாம், ஆதாரம் இல்லாத பின்பகுதியை இடிக்கலாம் என்று குழு முடிவு செய்தது.

வாசலில் நாத்தனார் அண்ணிக்காகக் காத்து நின்றாள்.

"நீங்க சும்மா இருந்திருந்தா முழுசும் கிடைச்சிருக்கும் அண்ணி."

"தெரியும்மா."

"எனக்கு இன்னும் கோபம்தான்," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, அண்ணியின் கையிலிருந்த படங்களில் பாதியை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.