ஆறு டிகிரி வித்தியாசம்

முதல் மாதிரி வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு முப்பத்திரண்டு டிகிரி. இருபது அடி தள்ளி நிற்கும் இரண்டாவது வீட்டில் முப்பத்தெட்டு. இரண்டும் நான் வரைந்தவை. ஒரே மண் கட்டி, ஒரே ஒன்றரை அடிச் சுவர், இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு ஜன்னல்கள். வெப்பமானிகளை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மாற்றி மாட்டிப் பார்த்தேன். எண்கள் அசையவில்லை. ஒரு வாரமாக எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

பாலைவெளியில், ஏசி வாங்க முடியாதவர்களுக்காக இருநூற்று நாற்பது வீடுகள் கட்டுவது திட்டம். மண் சுவர் வெப்பத்தைத் தாங்கும் என்று காட்டினால் மண்ணில் கட்டலாம். இல்லையென்றால் மெல்லிய கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பயனாளிகள் பட்டியலில் அக்காவும் இருக்கிறாள். நான் இந்த வேலைக்கு வருமுன்பே மனு எழுதிக்கொடுத்தவள். இரண்டு பெண்களோடு தகரக் கூரையின் கீழ் ஒன்பதாவது கோடை அவளுக்கு.

"முதல் வீட்டுல வாட்ச்மேன் குடும்பம் இருக்குல்ல?" என்றார் தலைமை இன்ஜினியர். "அப்ப அந்தக் கணக்கு செல்லாது. ரெண்டாவதுதான் சுத்தமான சோதனை. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டி சீல் வெச்சது நீங்கதானே?"

நான்தான்.

வாட்ச்மேன் மனைவியிடம் போய் நின்றேன். "இந்த வீட்டை என்னம்மா பண்றீங்க?"

"நான் என்ன பண்ணேன்? பொழுது சாஞ்சா நாலு ஜன்னலையும் திறந்து போடுவேன். வெயில் ஏறுமுன்ன சாத்திடுவேன்." சிரித்தாள். "இதைப் படிச்சவங்க வந்து என்கிட்ட கேக்கறீங்க!"

பகலில் குடித்த சூட்டைச் சுவர் இரவில் துப்ப வழியில்லாமல் நானே சீல் வைத்திருக்கிறேன். காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி அவள் கொடுத்த டீ ஆறும்வரைகூட நீடிக்கவில்லை.

"ராத்திரி திறந்து போட்டா பயமா இல்லையா?"

"யாருக்குப் பயப்படறது மேடம்? கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல். சுத்தி வீடு வந்துட்டா நானும் சாத்திட்டுத்தான் படுப்பேன்."

ஒன்றுக்கொன்று நிழல் தரட்டும் என்று இருநூற்று நாற்பது வீடுகளையும் நெருக்கி வரைந்தது நான்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "நீ ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குவியா?"

"மூளை கீளை பிசகிடுச்சா உனக்கு? ரெண்டு பொண்ணுங்க வீட்டுல."

"கம்பி இருக்கும்க்கா."

"கம்பி கையைத்தான் நிறுத்தும். கண்ணை?"

"அப்ப வெந்து சாவியா?"

"இப்ப மட்டும் என்ன பண்றேனாம்?"

தகரம் மேலே கிண்கிண்ணென்று சுருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி திறந்து கிடக்கும் முப்பத்திரண்டும் இவள் வீடில்லை, ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் முப்பத்தெட்டும் இல்லை. "ரெண்டாவது வீட்டுல ஒரு வாரம் வந்து இருக்கியா?" என்றேன்.

"சோதனை எலியாட்டமா?" என்றாள். பிறகு, "எலிக்கு ஃபேன் உண்டா?"

"உண்டு."

மறுநாள் இதைச் சொன்னதும் இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அறிக்கையை ஒரு வாரம் தள்ளினா பலகைக்காரன் முந்திக்குவான். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும்?"

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரம்தான். அதுக்கு மேல என் தலையை உருட்டுவாங்க."

சீலை உடைத்து அக்காவையும் பெண்களையும் குடிவைத்தேன். எதிரே இருபது அடியில் வாட்ச்மேன் வீடு. என் வரைபடத்தில் தெருவின் அகலமும் அதுதான். எதைத் திறக்கவும் சொல்லவில்லை, மூடவும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாளும் நான்கு ஜன்னல்களும் சாத்தியே கிடந்தன. மூன்றாம் நாள் விடிந்ததும் போனேன். மூன்று சாத்தியிருந்தன. வாட்ச்மேன் வீட்டைப் பார்த்த நான்காவது மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே அக்காவின் பச்சைப் புடவை திரையாகத் தொங்கியது.

"ஏன் இதை மட்டும்?"

"தெரியலடி. அந்தம்மா எதிர்ல வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருந்தா. திறந்தேன்."

மதியம் இரண்டுக்கு முப்பத்தைந்து.

"பாஸா, ஃபெயிலா?" என்றாள் அக்கா.

"நீதான் சொல்லணும்."

"சூடாத்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தூங்கிட்டேன்."

முப்பத்தைந்து என்று எழுதினேன். அது வீட்டால் வந்த எண்ணா, எதிர்வீட்டுக் கட்டிலில் ஆள் படுத்திருந்ததால் வந்த எண்ணா என்று எனக்கு விளங்கவில்லை. அறிக்கைப் படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: ஒரு ஜன்னல், ஒரு சாண்.