வாளைக் கருவாட்டில் ஓடிய கப்பல்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. என் வீட்டுக்காரர் வால்டருடையது. அவர் போன பிறகு அவருடைய கணக்கு நோட்டிலிருந்து திருடுகிறேன். கதையில் வரும் ஆலிஸ் நான்தான். 'நான்' என்று எழுதினால் அழுகை வருகிறது. ஆலிஸ் என்றால் சிரிப்பாவது வருகிறது.

2

'ராயபுரத்தின் மீது சூரியன் தன் பொற்கதிர்களை...'

(அடித்துவிட்டேன். அந்த வெயிலில் பொன் ஏது? வேர்க்குருதான்.)

மறுபடியும்: 1974. எண்ணெய் விலை ஏறிக் கப்பல் கம்பெனிகள் முழித்த வருஷம். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த வால்டர், சரக்குக் கப்பலை வெயிலில் ஓட்டலாம் என்று முடிவுகட்டினார். மேல்தளம் முழுக்கக் கண்ணாடி. அந்தச் சூட்டில் நீராவி. ஆனால் வெயிலை எப்படி அளப்பது? காசிமேட்டில் கருவாட்டுக்காரி புஷ்பவல்லி காயவைக்கும் வாளை மீனைக் காலையும் மாலையும் எடை போட்டார். மீனில் வற்றிய தண்ணீருக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு வெயில். மூன்று மாதம் இப்படி.

(ஊரோடு சேர்ந்து ஆலிஸும் சிரித்தாள். ஆனால் இருதயம் பலவீனம், வேலைக்குப் போகாதே என்று டாக்டர் உட்காரவைத்த மனுஷன், அந்த மீனுக்காகத்தான் காலையில் எழுந்தார்.)

நோட்டுக் கணக்கில் கப்பல் கொழும்பு போய்ச் சேர்ந்தது. ஒரு கம்பெனிப் பொறியாளர் நோட்டோடு பத்து மணிக்கு வரச் சொன்னார்.

3

அன்று எட்டு மணிக்குப் புஷ்பவல்லி கூடையோடு வந்தாள்.

"யக்கா, நம்ம வாளைய வெச்சி அண்ணாத்த கப்பல் வுடப் போறாராமே?"

"ஆமா. வெயிலு கணக்கு."

"இன்னா வெயிலு? வெயில்ல போட்டா வெந்து பூடும்க்கா. அவரு அந்தாண்ட போனதும் கீத்து நெழல்ல தொங்க வுட்ருவேன். மேக்காத்துலதான் காயுது. வெயிலு வெயிலுன்றாரே பாவம்னு, அவரு வரசொல்லோ வெளில எடுத்தாந்து போடுவேன்."

"அடிப்பாவி! ஏண்டி சொல்லல?"

"அவரு எங்க கேட்டாரு?"

(ஆக, வால்டர் அளந்தது காற்றை. அவர் கண்டுபிடித்தது பாய்மரக் கப்பல்.)

4

முடிவு ஒன்று: ஆலிஸ் சொல்லிவிடுகிறாள். வால்டர் நோட்டை மூடிவிட்டுப் படுக்கிறார். மறுநாள் எழுந்திருக்க அவருக்குக் காரணமில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. பொறியாளர் சைவம், கருவாடு எப்படிக் காயும் என்று தெரியாமல் கைகுலுக்குகிறார். அல்லது தெரிந்து, ஆபீஸே கூடி நின்று...

(முடிக்க மனம் வரவில்லை.)

இரண்டிலும் வால்டர் அன்றிலிருந்து நாற்பதாம் நாள் இறந்துபோகிறார். அதை மட்டும் மாற்ற முடியவில்லை. எழுதிப் பார்த்தேன்.

எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். மணி ஒன்பது. கல்யாணக் கோட்டு மாட்டிக்கொண்டு வால்டர் வாசலில் நிற்கிறார்.

"ஆலிசு, எங்கனா தப்பு கீதா? இப்பவே சொல்லிடு."

ஆலிஸ் வாயைத் திறக்கிறாள். அவளுக்குப் பதில் நீங்கள் பேசுங்கள். என் குரல் இனி அவருக்குக் கேட்காது.