மூன்றாவது வருஷத்து ஆட்டம்

வெள்ளிக்கிழமை மத்தியானம், பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தெயோஃபிலா நாலாவது தடவை கொட்டாவி விட்டாள். நான் பயந்துபோனேன். கொட்டாவிக்கா இத்தனை பயம் என்று நீங்கள் கேட்கலாம். பதினோரு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவனுக்குத்தான் அது தெரியும். முதல் நாள் கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், சர்க்கரை டப்பாவுக்குள் விரல். மறுநாள் ஒற்றைத் தலைவலி. அதற்கடுத்த நாள் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பாள். வலி தொடங்கியதுமே மாத்திரை போட்டுவிட வேண்டும், முற்றிய பிறகு அவ்வளவாகக் கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடியோடு போகாது, சமாளிக்கத்தான் முடியும் என்றும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டுத்தான் இவள் நேரே கோயிலுக்குப் போய், மூன்று வருஷம் திருவிழாவில் மொரெனாதா நடனம் ஆடுகிறேன், இதை எடுத்துவிடு என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் ஆடியாயிற்று. வலி குறைந்த பாடில்லை. கேட்டால், "அரைவேக்காட்டுல மூடியத் தெறக்காதய்யா" என்பாள். மூன்றாவது ஆட்டம் மறுநாள். ஊர்வலம் பார்க்க எங்கள் லா பாஸ் நகரமே தெருவுக்கு வந்துவிடும்.

ஆடும் நாளில் மாத்திரை தொடுவதில்லை என்பதும் அவள் வைத்துக்கொண்ட விதி. "ஒரு கையில வேண்டுதலு, ஒரு கையில மாத்திரையா? சாமி என்னய்யா நெனைக்கும்?" கொட்டாவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லாவிட்டால் வராது என்று ஒரு முட்டாள்தனம்.

மறுநாள் காலையில் ஆட்ட வரிசை கூடும் இடத்தில் சால்வைக்கு ஊசி குத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

"யோவ் வென்சே, உன் மூக்கக் காணோம்."

"என்னடி சொல்ற?"

"அந்த இடத்துல வெளிச்சம் நெளியுது. வெட்டுன தகரமாட்டம், பல்லுப் பல்லா."

அவளுடைய இடது கை விரல்கள் மரத்துவிட்டன; வலிக்கு முன்னால் சில சமயம் இப்படி வரும். பிறகு வார்த்தை போயிற்று. தொப்பியைக் காட்டி "அது... அந்த..." என்றாள், பேர் வரவில்லை. பக்கத்தில் ஆடும் நிக்கொலாசா, எங்கள் பையனுக்கு ஞானத்தாய், கையைத் தட்டிச் சிரித்தாள். "நாக்கு கொழறுதே! காலங்காத்தாலயே பீரா? எனக்கு ஒரு வாய் வெக்கக் கூடாதா தெயோ?" வரிசையே சிரித்தது. விஷயம் புரிந்ததும் அவளே வலிக்கு வைக்கிற கோகா இலை இரண்டை எச்சில் தொட்டுத் தெயோஃபிலாவின் நெற்றிப்பொட்டில் ஒட்டினாள். நான் மாத்திரையை நீட்டினேன். பேச வராத என் பெண்டாட்டி என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடினாள்.

அரைமணியில் வெளிச்சம் விலகியது, பேச்சு திரும்பியது, வலி ஏறியது. ஊர்வலமும் கிளம்பியது.

பெண்கள் வரிசைக்கு நேர் பின்னால் பேண்டு வரும். அதில் பெரிய மேளம் அடிப்பவன் நான். அரிசி களைகிற சத்தம்கூடத் தாங்காமல் தலையணைக்கடியில் முகம் புதைப்பவளின் முதுகுக்குப் பின்னால் நின்று மேளம் அடிக்க வேண்டும். என்னைப்போல் கையாலாகாதவன் அன்றைக்கு அந்த ஊரில் இல்லை. மெல்ல அடித்துப் பார்த்தேன்.

"மேளத்தத் தாலாட்டுறியாடா?" என்று கத்தினார் பேண்டுத் தலைவர் குமெர்சிந்தோ. "எரநூறு பேரு உன் அடிக்குத்தான்டா கால் எடுத்து வெக்கிறாங்க!"

மூன்றாவது தெருவில் அவள் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் குனிந்தாள். வாந்தி. நிக்கொலாசா தன் பாவாடையை விரித்து அவளை மறைத்து நின்றாள். என் கை தானாக நின்றுவிட்டது. மேளம் நின்றதும் முன்வரிசை தடுமாற, பின்வரிசை அதன்மேல் மோதியது. குமெர்சிந்தோ திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஓடினேன்.

"போதும் தெயோ. வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் எத்தன தெரு?"

"பதினேழு."

ஒரு கண்ணை இறுக மூடியிருந்தாள். மறு கண்ணில் நீர் வழிந்தது. சால்வை நுனியால் வாயைத் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலய்யா. வெயிலுல எல்லாம் வெள்ளையா இருக்கு. உன் மேளத்த வெச்சுத்தான் காலு போடுறேன். நிறுத்தாத."

"வலிக்குமேடி."

"வலிக்குது. அடி."

நிக்கொலாசா அவள் முழங்கையைப் பிடித்து வரிசைக்குள் கொண்டுபோய்விட்டாள். நான் மேளத்தோடு என் இடத்துக்குத் திரும்பினேன். ஊதுகொம்புகள் எழுந்தன. நான் அடித்தேன். யாரோ அறைந்ததுபோல் அவள் தோள்கள் துள்ளின, கால் ஒரு அடி முன்னால் போயிற்று. அடுத்த காலைத் தூக்கியபடி நின்றாள், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

கோலை ஓங்கினேன்.