கன்ட்ரோல் அக்கா பாடிய ஞாயிறு

ஆம்புலன்ஸ் நிலையத்தில் எல்லோரும் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவசர அழைப்புகளை எடுக்கிற மேசை பதினோரு வருடமாக அவளுடையது. யாராவது மூச்சு முட்ட அலறிக்கொண்டு பேசினால், "முதல்ல வாசக் கதவைத் திறந்து வைங்க. அப்புறம் வந்து என்கிட்ட பேசுங்க" என்பாள். கதவைத் திறந்துவிட்டு வருவதற்குள் அவர்களுக்குப் பாதி நடுக்கம் போயிருக்கும். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் மனுஷர்கள் பதற மறந்துவிடுகிறார்கள் என்பது அந்த மேசையில் அவள் கண்டது.

போனில்தான் அந்தத் தைரியமெல்லாம். நேரில் நான்கு பேர் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மதிய இடைவேளைகளில் நிலையத்துப் பின்கொட்டகையில் கூடிப் பாட்டு வாசிக்கிற நால்வரில் அவளும் ஒருத்தி. டிரைவர் கிதார் வாசித்துப் பாடுவார். உதவியாளர்களில் ஒருவருக்கு டிரம், இன்னொருவருக்குப் புல்லாங்குழல். அவளுக்குக் கீபோர்டு. அதையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வாசிப்பாள்.

ஊர் முழுக்க வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இசை விழா நடக்கும். டிக்கெட் கிடையாது, அரங்கம் கிடையாது. பேர் கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும் ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்குவார்கள். பஸ் நிறுத்தம், நூலகப் படி, பூங்கா, பெட்ரோல் பங்க் பக்கத்துக் காலி மனை, எங்கே திரும்பினாலும் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். இந்த வருடம் டிரைவர் நிலையத்தின் பேரையும் கொடுத்துவிட்டார். தபால் நிலையத்துக்கு எதிரே, நாலரை மணி. "வண்டியை மேடைக்குப் பின்னாலயே நிறுத்திக்குங்க, கூப்பிட்டா கிளம்பிடணும்" என்ற நிபந்தனையோடு அதிகாரியும் தலையாட்டிவிட்டார். மற்ற மூவரும் அன்று டியூட்டியில்தான். அவள் ஒருத்திக்கு மட்டும் லீவு.

அவள் கணவனும் சும்மா இருக்கவில்லை. பஸ்களுக்குச் சீட் தைக்கிற பட்டறையில் வேலை அவனுக்கு. மார்க்கெட் மைதானத்தில் அறுபது பேர் சேர்ந்து பாடுகிற பெரிய குழுவுக்கு, பாடத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். தெரியாவிட்டாலும் என்ற இடத்திலேயே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு மாதமாகக் குளியலறையில் ஒத்திகை. "அப்பா உள்ள யார்கூட சண்டை போடறார்னு மாடி வீட்ல கேக்கறாங்கம்மா" என்று மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வாள்.

அன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவன் கேட்டான்.

"எங்களுக்கு நாலு மணிக்கு ஆரம்பம். ஒரே ஒரு பாட்டு கேட்டுட்டு நீ உங்க இடத்துக்குப் போயேன். நடந்தா பத்து நிமிஷம்."

"ஒயர் மாட்டணும், மைக் பார்க்கணும். எப்படிங்க வர்றது?"

"ஒரே பாட்டுதானே கேட்டேன்."

"அறுபது பேர் நடுவுல நீங்க பாடறது எனக்குக் கேட்கவா போகுது? கேட்காம இருந்தா பாட்டுக்கும் நல்லது."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். மற்ற நாளாயிருந்தால் அவனும் சிரித்திருப்பான். அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சூடு ஆறாத சட்டையைப் போட்டுக்கொண்டு, "சரி, பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை.

நாலரைக்கு முன்பே தபால் நிலையத்தின் எதிரே நல்ல கூட்டம். நானூறு பேர் இருக்கும். தரையில் துண்டு விரித்து உட்கார்ந்தவர்கள், தோளில் குழந்தையைத் தூக்கி வைத்தவர்கள், சக்கர நாற்காலியில் வந்த மூவர். அவள் கீபோர்டை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பினாள். டிரைவர் வந்து பழையபடி நேராக வைத்தார்.

"அக்கா, இங்க சுவர் இல்ல. திரும்பினா வண்டிதான் தெரியும்."

"வண்டியைப் பார்த்தே வாசிக்கிறேனே."

"ஜனங்க பாவம்க்கா. உங்க முதுகைப் பார்க்கவா வந்திருக்காங்க?"

முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் டிரைவரின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. பேசியது அவள் பழக்கிவிட்ட பெண்தான். சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாகப் பேசினாள். இடம் மார்க்கெட் மைதானம். பாட்டுக் குழு ஏறி நின்ற பலகைப் படிகள் சரிந்து விழுந்துவிட்டன. மேலே அறுபது பேர் வரை. அடியில் ஆட்கள் சிக்கியிருக்கலாம்.

டிரைவர் கிதாரைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் கணவன் எங்கே பாடுகிறான் என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா..."

"நிக்காதீங்க. கிளம்புங்க."

சொன்னவள் தானும் வண்டியை நோக்கி ஓடினாள். பின்கதவில் கால் வைத்தபோது, போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் குறுக்கே வந்தார்.

"மேடம், நீங்களும் போயிட்டா இந்தக் கூட்டத்தை யார் பார்க்கறது? மார்க்கெட்டுக்குப் போக இந்த ஒரு தெருதான். விஷயம் தெரிஞ்சா எல்லாரும் அங்க ஓடுவாங்க. பின்னாடி வர்ற வண்டி ஒண்ணுகூட நுழைய முடியாது. நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? ஒரு அரை மணி நேரம் இவங்களை உட்கார வைங்க."

"என் வீட்டுக்காரர் அங்க இருக்காருங்க."

பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டார். ஆனால் வழியை விடவில்லை.

அடைபட்ட தெருவில் வண்டி நின்றுபோய், உள்ளே இருப்பவரின் நிமிடங்கள் ஓடுவதைப் போனில் எத்தனையோ முறை கேட்டவள் அவள். கதவிலிருந்து காலை எடுத்தாள். வண்டி சைரனோடு பறந்தது.

கணவனின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நிலையத்துக்கு அடிக்கலாமா என்று விரல் போனது. அந்த லைனைத் தான் பிடித்தால் இன்னொருத்தருக்குக் கிடைக்காது. போனைக் கீபோர்டின் மேல் எதிரே தெரியும்படி வைத்துவிட்டு மைக்கின் முன்னால் வந்து நின்றாள்.

அதற்குள் பின்வரிசையில் சலசலப்பு தொடங்கியிருந்தது. யாரோ போனைப் பார்த்து, "மார்க்கெட்ல ஏதோ இடிஞ்சு விழுந்துடுச்சாம்" என்றார்கள். பத்துப் பதினைந்து பேர் எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டினார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. எண்ணூறு கண்கள். கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் காதில் போனைப் பிடித்திருப்பது போல இருந்தது.

"எல்லாரும் நான் சொல்றதைக் கேளுங்க," என்றாள். அது மேசைக் குரல். கண்ணைத் திறந்தாள். "மார்க்கெட்ல ஒரு விபத்து. எங்க வண்டி போயிருக்கு. இன்னும் வண்டி வரும். வலது பக்கம் நிக்கறவங்க ரோட்டை விட்டு இறங்கி உள்ள வாங்க. ஆமா, நீல சட்டை அண்ணே, நீங்கதான். குழந்தை வச்சிருக்கறவங்க முன்னாடி வாங்க. எழுந்தவங்க உட்காருங்க. நீங்க இங்க இருக்கறதே அங்க இருக்கறவங்களுக்கு உதவி."

நீல சட்டைக்காரர் இறங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இனி பாடியாக வேண்டும். என்ன பாடுவது? டிரைவர் பாடுகிற பாட்டெல்லாம் அவருடைய சுருதிக் கட்டையில் இருந்தது, அவளுக்கு எட்டாது. மகள் பல் முளைக்கிற காலத்தில் இராத்திரி முழுக்கக் கத்துவாள். அவளை அடக்க இவளே இட்டுக்கட்டிய ஒரு பாட்டு உண்டு. மாடிப்படி ஏறும் எறும்பைப் பற்றியது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அடி. எத்தனை படி வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போகலாம்.

அதைத்தான் பாடினாள். முதல் இரண்டு படிக்குக் குரல் ஆடியது. மூன்றாவதில் நிலைத்தது. இடது பக்கத்தைக் கை தட்டச் சொன்னாள். வலது பக்கத்தை "ஏறு ஏறு" என்று சொல்லச் சொன்னாள். குழந்தைகளிடம், "எறும்பு இப்ப என்ன தூக்கிட்டுப் போகுது?" என்று கேட்டாள். "சர்க்கரை!" "செருப்பு!" "எங்கப்பா!" என்று கத்தினார்கள். எல்லாவற்றையும் எறும்பின் தலையில் ஏற்றினாள். அப்பாவை ஏற்றுகிற இடத்தில் மட்டும் பாட்டை நிறுத்தி, கீபோர்டில் நாலு சுரத்தை அழுத்திச் சமாளித்துக்கொண்டாள்.

பாட்டின் நடுவே இரண்டாவது வண்டி தெருவைக் கடந்தது. பிறகு மூன்றாவது, அதன் பின்னால் தீயணைப்பு வண்டி. தெரு காலியாக இருந்ததால் ஒன்றும் வேகம் குறைக்கவில்லை. பெண் போலீஸ் தூரத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். போன் இருட்டாகவே கிடந்தது. எறும்பு முப்பதாவது படியைத் தாண்டியிருந்தது. அடுத்த அடியை வாய் பாட, காது தெருவிலேயே இருந்தது. காலையில் அவன் போட்டுக்கொண்டு போன சட்டை என்ன நிறம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அது அவளை என்னவோ செய்தது.

அப்போது மார்க்கெட் பக்கமிருந்து ஒரு வண்டி திரும்பி வந்தது. அவர்கள் வண்டிதான். சைரன் இல்லை. மெதுவாக வந்தது.

சைரன் இல்லாமல் திரும்புகிற வண்டிக்கு இரண்டே அர்த்தம். ஒன்று, பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொன்று, இனி அவசரமில்லை. பதினோரு வருடத்தில் இரண்டையும் சமமாகப் பார்த்திருந்தாள். பாட்டு தானாக நின்றது. கூட்டமும் அவள் பார்த்த திசையில் திரும்பியது.

டிரைவருக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. மண் படிந்த கால் ஒன்று இறங்கியது. பிறகு, ஒரு கை கிழிந்து தொங்கும் மஞ்சள் சட்டை. மஞ்சள், மஞ்சள்தான் போட்டுக்கொண்டு போனான். முழு ஆளாக இறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைத் தேடினான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லக்கா!" டிரைவர் ஓடி வந்து, அவளிடம் சொல்வதை மைக்கிலேயே சொல்லிவிட்டார். "ஒருத்தருக்கு மணிக்கட்டு, ரெண்டு பேருக்குக் கணுக்கால், மத்தவங்களுக்குச் சிராய்ப்பு. மீதி வண்டிங்க மார்க்கெட் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு. தெரு காலியா இருந்துச்சுக்கா, பின்னாடி வந்த வண்டிங்க மூணே நிமிஷத்துல வந்துடுச்சு." கூட்டம் கை தட்டியது. நீல சட்டைக்காரர் விசிலடித்தார்.

கணவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தோளை, முழங்கையை, பின்மண்டையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்கேயும் அடிபடலையா? நிஜமா? போனை ஏங்க எடுக்கல?"

"போன் பையில இருந்துச்சு. பை பலகைக்கு அடியில. நான் அடியிலயும் இல்ல, மேலயும் இல்ல."

"அப்ப எங்க இருந்தீங்க?"

அவன் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டினான். "கடைசிப் பாட்டுக்கு முன்னாடி பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. 'அண்ணே, காத்துல தாளெல்லாம் பறக்குது. நீங்க கீழ வந்து கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?'ன்னு. சரி, நம்பிக்கையான ஆளுன்னு கூப்பிடறாங்கன்னு நானும் இறங்கிட்டேன். அங்க நின்னு பார்த்தா ஒரு தாள்கூட ஆடல. காத்தே இல்ல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்பத்தான் புரிஞ்சுது, எதுக்கு இறக்கினாங்கன்னு. சுள்ளுனு கோவம் வந்துச்சு. தாளை வச்சுட்டுப் போயிடலாம்னு நினைக்கறேன், நடுப் பலகை 'மடார்'னுச்சு. நான் முதல்ல நின்ன இடம் சரியா அந்த நடுவுலதான். தோளைக் குடுத்து நாலு பேரா பலகையைத் தூக்கிப் பிடிச்சோம். எல்லாரும் ஊர்ந்து வந்துட்டாங்க. பிடிக்க ஓடி வந்து மாட்டிக்கிட்ட டீச்சர்கூட."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கைத் துடைக்கத் துணி தேடி, கடைசியில் அவனுடைய கிழிந்த சட்டைக் கையிலேயே துடைத்தாள்.

"சிரி, சிரி," என்றான். "அவ்வளவு மோசமாவா பாடறேன்?"

"ஆமாங்க," என்றாள். "ரொம்ப மோசம். நல்ல வேளை." அந்தச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "ஒரு பாட்டுக்காவது வந்திருக்கணும். காலையில அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள்.

"வந்திருந்தா நீ இங்க பாடியிருக்க மாட்ட. நீ பாடினதைப் போலீஸம்மா வழியிலேயே சொன்னாங்க."

அவர்கள் நேரத்தில் இன்னும் ஒரு பாட்டு மிச்சமிருந்தது. டிரைவர் கிதாரை மாட்டிக்கொண்டு அவளைக் கேட்பது போலப் பார்த்தார். அவள் தலையை அசைத்து, நீங்களே பாடுங்கள் என்று கை காட்டினாள். கீபோர்டுக்குப் போகக்கூடத் தோன்றவில்லை. உடம்பு முழுக்க இளகி, நாள் முழுக்க மூட்டை தூக்கியவள் போல இருந்தது. புல்லாங்குழல் தொடங்கியது.

கணவன் வலது கையை மூடியே வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"என்ன அது? காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. சிலாம்பு."

உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிலாம்பு ஏறியிருந்தது. அவள் வண்டியிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து வந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சால் துடைத்தாள். இடுக்கியை வெளிச்சத்தில் பார்த்துச் சரிசெய்துகொண்டாள்.

"அசையாதீங்க," என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தான்.