ஹனீனின் தலைக்கு ஒரு ரேசர்

ரசீத் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தான். இடது கால் ஏற்கெனவே பாதி மழித்தாகிவிட்டது. அவன் மனைவி ஃபர்ஹத் அந்தக் கோலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளை ஹனீன் பிறந்து நாளைக்கு ஏழாம் நாள், தலைமுடி இறக்க வேண்டும். மூத்தவன் அலி அஸ்கருக்கு இறக்க வந்தவருக்குக் கை தவறி வெட்டிய தழும்பு காதுக்கு மேலே இன்னும் இருக்கிறது. "இவ தலைல ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் நா தாங்க மாட்டேன் மச்சான்" என்று ஃபர்ஹத் அழுதபோது, "நானே எடுக்கேன்" என்று வீறாப்பாகச் சொல்லித் தொலைத்தான். சார்ஜாவில் வேலை பார்க்கும் அவனுக்கு ரேசர் பைத்தியம். விதவிதமாக வாங்கிச் சேர்த்து, மேலப்பாளையத்துச் சிநேகிதர்களுக்கு வகுப்பே எடுப்பான்.

இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதற்குத்தான் காலில் இந்தச் சோதனை. ஒரு ரேசரின் தலையில் பிளேடுக்குக் கீழே வழுவழுவென்று பட்டை. மற்றதில் சீப்பு மாதிரிப் பற்கள். பார்த்த மாத்திரத்தில் பட்டை சாது, பல் பொல்லாதது. ஆனால் பட்டை, காலில் நீளமாக இருந்த முடியை மடக்கிப் படுக்க வைத்து, அடைத்துக்கொண்டு, வெடுக்கென்று இழுத்தது. தோல் சிவந்துவிட்டது. பல் வைத்ததைப் பயந்து பயந்து ஓட்டினான். முடி பற்களுக்கிடையே நிமிர்ந்து புகுந்து சத்தமில்லாமல் விழுந்தது. தினமும் மழிக்கிற முகத்துக்கு எரிச்சல் என்று ஒதுக்கி வைத்திருந்த ரேசர் அது. ரசீத் வாயைப் பிளந்தான்.

"பல்லு உள்ளதையா வைக்கப் போறீய?"

"இதுதான் இழுக்காது. காலத் தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிவந்துகிடந்த இடது காலையும் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஃபர்ஹத்தின் மடியில் ஹனீன். வெந்நீரில் தலையை நனைத்து, பிஸ்மில்லா சொல்லித் தொடங்கினான். நெற்றியோரம், காதோரம், பிடரி எல்லாம் கீறல் இல்லாமல் வந்தது. உச்சிக்கு வந்ததும் இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தான். விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். உச்சிக்குழி. அங்கே எலும்பே இல்லை.

பிளேடு இடைவெளி, சாய்வு, எடை என்று அளந்ததெல்லாம் மறந்துபோனது. அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய உயிரை மூடாமல், நம்பி, தன் கையிலா படைத்தவன் கொடுத்து அனுப்பினான் என்ற மலைப்பு அந்தப் பயத்தையும் விழுங்கிவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீய?"

"இங்கன தொட்டுப் பாரு."

தொட்டவள் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். "இத மட்டும் விட்டுற முடியாதா மச்சான்?" என்றாள்.

"பாதிய வச்சுப் பாதிய எடுக்கக் கூடாதுன்னு மார்க்கத்துல இருக்குல்லா. எடுத்தா முழுசா எடுக்கணும்."

ஃபர்ஹத் பிள்ளையின் கன்னங்களை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தாள். "பைய எடுங்க."

ரேசரை உச்சிக்கு நூலளவு மேலே பிடித்தபடி, துடிப்பு தாழும் நேரத்துக்காக ரசீத் காத்திருந்தான். ஹனீன் கொட்டாவி விட்டாள். உச்சியில் மிச்சமிருந்த ஈர முடி, ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து எழுந்து தாழ்ந்தது.